வீட்டுக்காரர் கேட்காத கேள்வி

அத்தியாயம் 6

ஏழாவது வீட்டின் படிக்கட்டைப் பார்த்ததுமே இருசப்பனுக்கு அழுகை வராத குறை. முப்பத்தோரு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே சம்பாதித்த மனிதர் அவர். ரிடையர் ஆன அன்றைக்கு, இனிமேல் மிச்ச ஆயுளை உட்கார்ந்தே கழிப்பது என்று முடிவு செய்திருந்தார். அதைக் கெடுத்தவள் ஜாஹிரா. ஓரிக்கையில் சின்னதாக ஒரு துப்பறியும் ஆபீஸ் போட்டு, கூட அலைவதற்கு ஆள் வேண்டும் என்று அவரைப் பிடித்துப் போட்டிருந்தாள்.

"இதுவும் மாடிதானா பாயம்மா? கீழ் வூட்ல இருக்கறவன் எவனும் காணாம போவ மாட்டானா?"

"படி பதினாறுதான் கண்டக்டரே. ஏறுங்க."

குரலில் உற்சாகம் இல்லை. அவளும் காலை ஏழு மணியிலிருந்து அலைகிறாள். நாற்பத்தெட்டு வயது, இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. மே மாத வெயில் உத்திரமேரூர் தெருக்களை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது. நாலாவது வீட்டில் அவள் பெயரைக் கேட்டதும் வீடு நேற்றே போய்விட்டது என்றார்கள். வாடகை அட்டை மட்டும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவது வீட்டில் கறி சமைப்பீர்களா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்தினார்கள். ஜாஹிரா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. காஞ்சிபுரத்தில் பதினைந்து வருடம் வீட்டு புரோக்கராக இருந்தவள். சாத்தப்படும் கதவுகள் அவளுக்குப் புதிதல்ல.

தேடுவது கலைச்செல்வன் என்கிற ஆளை.

எட்டு மாதத்துக்கு முன்னால், சாலவாக்கத்துக்கு அப்பால் கல் உடைக்கிற ஒரு கிரஷரில் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த சேட்டு, ஒரு சாயங்காலம் கால்வாய் ஓரத்தில் பிணமாகக் கிடந்தான். பக்கத்தில் பிராந்தி பாட்டில். அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை, குடித்துவிட்டு எங்கேயோ விழுந்து செத்திருக்கிறான் என்று கிரஷர்காரர்கள் சொன்னார்கள். ஊரும் அதையே சொன்னது. பெருநகர் என்கிற ஊரில் இருந்த அவன் மனைவி எல்லம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து ஒரு நாளும் அந்த வாசனை வந்ததில்லை என்று போலீஸிலும் கோர்ட்டிலும் சொல்லிப் பார்த்தாள். பெண்டாட்டி பேச்சை யார் எழுதிக்கொள்கிறார்கள்?

போன வாரம் அவளுக்கு, அனுப்பியவர் பெயர் இல்லாமல் ஒரு கவர் வந்தது. உள்ளே அந்தக் கிரஷரின் எடைச்சீட்டு ஒன்று. சேட்டு செத்த அதே தேதி, காலை பதினொன்று நாற்பது, கீழே அவன் கையெழுத்து. வேலைக்கே வராதவன் போட்ட கையெழுத்து. வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சீட்டு மட்டும் நிற்காது, சீட்டைப் போட்டுக் கொடுத்தவன் வந்து கூண்டில் ஏறிச் சொன்னால்தான் நிற்கும் என்றார். போட்டுக் கொடுத்தவன் எடைமேடை குமாஸ்தா கலைச்செல்வன். சேட்டு செத்த மறுவாரமே ஊரை விட்டுப் போனவன். விசாரணை வருகிற திங்கட்கிழமை. இன்றைக்கு வியாழன்.

கவரில் உத்திரமேரூர் முத்திரை இருந்தது. அதைவிடப் பெரிய துப்பு, சீட்டைச் சுற்றியிருந்த காகிதம். அதில் மார்க்கர் பேனாவால் 'மாடி வீடு வாடகைக்கு' என்று எழுதிப் பழகியிருந்தார்கள். முதல் இரண்டு வார்த்தையைத் தாராளமாக எழுதி, கடைசியில் இடம் போதாமல் 'கைக்கு' மட்டும் எறும்பு மாதிரி நசுங்கியிருந்தது. சீட்டை அனுப்பியவன், உத்திரமேரூரில் ஒரு மாடி வீட்டுக்கு அட்டை எழுதியவன். ஆகவே காலி மாடி ஒன்று விடாமல் பார்ப்பது என்று ஜாஹிரா கிளம்பிவிட்டாள்.

இந்த ஏழாவது வீடு ஏரிக்கரைக்குப் போகும் சந்தில் இருந்தது. கிரில் கதவில் தொங்கிய அட்டையை இருசப்பன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். 'மாடி வீடு வாட' வரைக்கும் பெரிய எழுத்து. பிறகு இடம் இல்லை.

அவருக்கு முழங்கால் வலி மறந்துபோனது.

ஜாஹிரா எப்போதோ பார்த்திருந்தாள். பேசாமல் இருக்கும்படி கண்ணைக் காட்டிவிட்டு மணியை அடித்தாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கலாம். மெலிந்த உடம்பு, பாதி நரைத்த தாடி, கையில் சாவிக்கொத்து. வீடு ஆல்பர்ட் வாத்தியாருடையது, அவர் சென்னையில் மகனோடு இருக்கிறார், தான் அவருடைய மைத்துனன் சாம்சன் என்று சொல்லிக்கொண்டான். வீடு பார்க்க வந்தோம் என்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஒன்றரை ஆனா ராகுகாலம். அதுக்குள்ள உள்ள கால் வெச்சிடுங்க" என்று முன்னால் ஏறினான்.

மேலே ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, பின்பக்கம் குளியலறை. சாமான்கள் ஒன்றிரண்டுதான். ஜாஹிரா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அவளுடைய புரோக்கர் காலத்து நோட்டு அது. முதல் தடவை வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரின் பெயின்ட்டைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள், கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை, மூன்றாம் மாதம் அழுகிறார்கள் என்பது அவள் கட்சி.

தண்ணீரிலிருந்து ஆரம்பித்தாள். போரா, பஞ்சாயத்துக் குழாயா? மே மாதத்தில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும்? போர் தண்ணி குளிக்கத்தான் லாயக்கு, பருப்பு வேகாது என்றான் சாம்சன். குழாய்த் தண்ணி இரண்டு நாளுக்கு ஒரு முறை விடிகாலை வரும், தூங்கிவிட்டால் போச்சு. மின்சார மீட்டர் தனியா, கீழ் வீட்டோடு சேர்த்தா? தனிதான், ஆனால் மிக்ஸியும் மோட்டாரும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போய்விடும். மழைக்கு ஒழுகுமா? சமையலறை மூலையில் ஒழுகும், ஒரு வாளி வைத்தால் போதும். வெயில் எந்தப் பக்கம்? மேற்குச் சுவர் ராத்திரி பத்து மணி வரை அடுப்பு மாதிரி இருக்கும், தலையைக் கிழக்கே வைத்துப் படுக்க வேண்டும்.

செப்டிக் டேங்க் எப்போது சுத்தம் செய்தது, சாவி இன்னொன்று யாரிடம் இருக்கிறது, மொட்டை மாடியில் துணி காயப்போடலாமா, விருந்தாளி வந்து தங்கினால் ஏதாவது சொல்வார்களா என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். அவனும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே வந்தான்.

இருசப்பனுக்குத்தான் சலித்துவிட்டது. சமையலறையில் மூடி வைத்திருந்த மண்பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு குடித்தார். தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் குளிர்ந்தது.

"முன்னாடி இருந்தவரு ஏன் காலி பண்ணாரு?" என்று ஜாஹிரா கேட்டாள்.

சாம்சன் ஜன்னல் பக்கம் திரும்பினான். ஒண்டி ஆள், ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான், பேர்கூட ஞாபகமில்லை, பத்து நாளாக வீடு பூட்டித்தான் கிடக்கிறது என்றான்.

இருசப்பன் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். பத்து நாள். கவர் வந்தே ஒரு வாரம்தான் ஆகிறது; போகிற வழியில் யாரிடமாவது கொடுத்துப் போடச் சொல்லியிருப்பான். ஓசூர் என்ன உத்திரமேரூரா, மாடி மாடியாக ஏறித் தேட? திங்கட்கிழமை எல்லம்மாள் வெறுங்கையோடு கோர்ட்டில் நிற்பாள். ஒரு காலை முழுக்க நடந்தது ஒரு பானைத் தண்ணீருக்காகத்தான் என்று தோன்றியது.

ஜாஹிராவோ நோட்டில் எதையோ எழுதிவிட்டு, மேலே தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவன் மொட்டை மாடிக் கதவைத் திறந்துவிட்டான். ஃபேனை அணைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனான்.

தொட்டியின் நிழல் ஒரு பாய் அகலத்துக்கு இருந்தது. இருவரும் அதில் ஒண்டி நின்றார்கள்.

"போவட்டும் பாயம்மா. ஓசூருக்கு நான் வரமாட்டேன். என் முட்டிக்கு தமிழ்நாடு பர்மிட் கூட கெடையாது, காஞ்சிபுரம் ஜில்லாதான்."

"பானைத் தண்ணி எப்பிடி இருந்துது?"

"ஜில்லுனு இருந்துது. ஏன், உங்களுக்கும் வோணுமா?"

"பத்து நாளா பூட்டிக் கெடக்கற வூட்ல பானை காஞ்சி வெடிச்சிருக்கணும் கண்டக்டரே. இன்னிக்குக் காலைல ரொப்பின தண்ணி அது."

இருசப்பன் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

ஜாஹிரா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பதினைந்து வருடத்தில் அவள் முந்நூறு வீட்டுக்காரர்களையாவது பார்த்திருப்பாள். ஒருவர்கூட ஒழுகும் மூலையைத் தானாகக் காட்டியதில்லை. மேற்குச் சுவர் சுடும் என்று எந்த வீட்டுக்காரருக்கும் தெரியாது, தெரிந்தாலும் காற்று நன்றாக வரும் என்றுதான் சொல்வார். தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுப்பது என்பது, அங்கே படுத்தவனுக்குத்தான் தெரியும்.

"அதுவும் போவட்டும்," என்றாள். "காலைலேர்ந்து ஆறு வூடு பாத்தோம். ஆறு பேரும் மொதல்ல இன்னா கேட்டாங்க?"

"யாரு நீங்க, எந்த ஊரு, இன்னா ஆளுங்க, எத்தினி பேரு…"

"இவன்?"

இருசப்பன் யோசித்துப் பார்த்தார். அந்த மனிதன் அவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை, கறியைப் பற்றிக் கேட்கவில்லை. யார் குடிவந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம்தான் அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. "சாம்சனுக்கு எதுக்கு ராகுகாலம்?"

"அத்த நீங்களே கண்டுபுடிப்பீங்கன்னு விட்டு வெச்சேன்," என்றாள் ஜாஹிரா. அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

சட்டைப் பையிலிருந்து கலைச்செல்வனின் போட்டோவை இருசப்பன் வெளியே எடுத்தார். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில் பாதி மறைந்த உருண்டை முகம், தடித்த மீசை. அதிலிருந்து இருபது கிலோவைக் கழித்து, தாடியைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் மாடிக் கதவில் வந்து நின்றது.

"தொட்டி பாத்தாச்சா?" என்று கேட்டான்.

"பாத்தாச்சி," என்றாள் ஜாஹிரா. "உங்களத்தான் பாக்க வந்தோம், கலைச்செல்வன்."

அவன் ஓடவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சந்தை எட்டிப் பார்த்தான்; கீழே வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்த்த மாதிரி இருந்தது. பிறகு, கிரஷரிலிருந்து அனுப்பினார்களா என்று மெதுவாகக் கேட்டான்.

"அவங்க அனுப்பியிருந்தா, பருப்பு வேவுமான்னு கேட்டுக்கினா நிப்போம்?" என்றார் இருசப்பன்.

எல்லம்மாள் அனுப்பினாள் என்று ஜாஹிரா சொன்னாள். அந்தப் பெயரைக் கேட்டதும் அவன் கொதிக்கிற தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இருசப்பன்தான் தோளைப் பிடித்து நிழலுக்கு இழுத்தார்.

ஜாஹிரா விஷயத்தைச் சொன்னாள். திங்கட்கிழமை விசாரணை. வக்கீல் அவன் பக்கத்திலேயே இருப்பார். பார்த்ததைச் சொன்னால் போதும். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். கடைசியில், "நான் சாட்சி இல்லக்கா" என்றான்.

"அப்போ சீட்டு யாரு அனுப்புனது?"

"நான்தான். அது போதும்னு நெனைச்சேன். அத்த அனுப்பிட்டு, நாளைக்கு ஓசூரு போயிடலாம்னு கீறேன்."

"பயமா?"

அவன் இல்லை என்றான். அதன் பிறகு நடந்ததை, நிமிர்ந்து பார்க்காமல், தன் இரண்டு கைகளைப் பார்த்தபடியே சொன்னான்.

அன்றைக்குச் சேட்டு இரண்டாவது லோடுக்கு வண்டியை ரிவர்ஸ் எடுத்தபோது பள்ளத்தின் விளிம்பு சரிந்து, வண்டி கவிழ்ந்தது. மேலே கொண்டுவருவதற்குள் உயிர் இல்லை. விஷயம் வெளியே போனால் கிரஷரை மூடிவிடுவார்கள், நூறு பேர் பிழைப்பு போய்விடும் என்று சூப்பர்வைசர் சொன்னார். நாலு பேராகத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். கால் பக்கம் பிடித்தவன் கலைச்செல்வன். பைக்கை எடுத்துக்கொண்டு போய் பாட்டில் வாங்கி வந்ததும் அவன்தான்.

"வாயில ஊத்துன்னாங்க. எனக்குக் கை வர்ல. சட்டை மேல ஊத்திட்டேன். பாட்டில அவரு கை பக்கத்துல வெச்சிட்டு வந்துட்டேன்."

சந்தில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

வாங்கிய பாட்டிலுக்குக் கோர்ட்டில் தண்டனை உண்டா என்று அவன் கேட்டான். ஜாஹிரா பொய் சொல்லவில்லை. உன்னையும் கேஸில் சேர்ப்பார்கள், நீயாக வந்து சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளாமலும் போகலாம் என்றாள். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு தொட்டியில் சாய்ந்தாள். இந்த மாதிரி நேரங்களில், இவள் திரும்பவும் புரோக்கராகவே போய்விடலாமே என்று இருசப்பனுக்குத் தோன்றும்.

பிறகு அவள் போனை எடுத்து எல்லம்மாளைக் கூப்பிட்டாள். ஆள் கிடைத்துவிட்டான், பக்கத்திலேயே இருக்கிறான் என்று மட்டும் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டுத் தரையில் வைத்தாள்.

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு மாடு கத்தியது.

"ண்ணா," என்றாள் எல்லம்மாள். "எட்டு மாசமா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கினு கீறேன். ஒருத்தரும் சொல்லல. அவரு குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா. காலைல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாதான் நாஷ்டா துன்னோம். அவரு கட்டிக்கினு வந்ததுல எனக்கும் வெச்சாரு. குடிக்கல."

"அப்போ பாட்டிலு?"

கலைச்செல்வன் ஜாஹிராவைப் பார்த்தான். இந்த இடத்தில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அவன் தப்பிக்கலாம். வேறு யாரோ வைத்தார்கள் என்றால் எல்லம்மாள் நம்பக்கூடச் செய்வாள். இருசப்பன் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா வெச்சேன். நான்தான் வாங்கியாந்தேன்."

அந்தப் பக்கம் மூச்சுகூடக் கேட்கவில்லை. கட் ஆகிவிட்டதோ என்று இருசப்பன் குனிந்து பார்த்தார். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. முப்பது, நாற்பது, ஐம்பது. பிறகு அவள் பக்கம் கட் ஆனது.

ஜாஹிரா போனை எடுத்துப் பையில் போட்டாள். கோர்ட்டுக்கு வருகிறாயா இல்லையா என்று அவள் அவனைக் கேட்கவில்லை. வெயில் தாழும் வரைக்கும் மூன்று பேரும் இறங்கி வந்து கூடத்தில் ஃபேன் அடியில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணிக்கு அவன் எழுந்து முகம் கழுவினான். ஒரு பையில் இரண்டு சட்டையை எடுத்து வைத்தான். வீட்டைப் பூட்டி, சாவியை எதிர்வீட்டில் கொடுத்தான். பெருநகருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டான்.

"கோர்ட்டு காஞ்சிபுரத்துல," என்றார் இருசப்பன்.

"தெரியும். மொதல்ல அங்க போவணும்."

பஸ்ஸில் நிற்க இடமில்லை. பழைய கண்டக்டர் என்கிற உரிமையில் இருசப்பன் ஒரு சீட்டைப் பிடித்து ஜாஹிராவை உட்கார வைத்தார். ஏரி முடிகிற இடத்தில் அவள் தூங்கிவிட்டாள். தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது, அவள் எழவில்லை. கலைச்செல்வன் கம்பியைப் பிடித்து நின்றபடி வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருசப்பன் அவன் முதுகைப் பார்த்தார். இறங்கி ஓடினால் துரத்த அவருக்குக் கால் இல்லை. அவன் இறங்கவில்லை.

பெருநகரில் எல்லம்மாளின் வீடு கோயிலைத் தாண்டி நாலாவது. அவர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவள் தெருவிலேயே நின்றிருந்தாள். ஒல்லியான பெண், முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள், கண் சிவந்திருந்தது. கலைச்செல்வன் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான். கும்பிடப் போனவன், பாதியில் கையை இறக்கிக்கொண்டான்.

எல்லம்மாள் அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்து இருசப்பன் ஓரடி முன்னால் வைத்தார். ஜாஹிரா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என் பொண்ணு அஞ்சாவது படிக்கிது," என்றாள் எல்லம்மாள். "குடிகாரன் பொண்ணுன்னு பசங்க கூப்புடறாங்கன்னு ரெண்டு மாசமா பள்ளிக்கூடம் போவல. உள்ளதான் கீது."

அவள் வாசலைவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

"கோர்ட்டுல அப்பறம் சொல்லுவ. மொதல்ல அதுக்கிட்ட சொல்லு."

கலைச்செல்வன் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து, உள்ளே போனான்.